நிறத்தைக் கடைசியில் பாருங்கள்: சாலமாண்டர்களை இனங்காணும் முறை

தவளையைப்போல இருவாழ்வியான சாலமாண்டரை முதன்முதலாகப் பார்க்கும் தமிழர் பெரும்பாலும் அதை அரணை என்றே நினைப்பார். நீண்ட உடல், குட்டையான நான்கு கால்கள், வழவழப்பான வால், சருகுக்கு அடியில் நுழைந்து மறையும் பழக்கம் ஆகிய எல்லாமே அரணையை நினைவூட்டும். இந்தப் பிழைக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய கார்ல் லின்னேயஸே 1758-இல் ஐரோப்பாவின் தீச் சாலமாண்டரைப் பல்லிகளுக்குரிய ‘லாசர்ட்டா’ பேரினத்தில்தான் வைத்தார். அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சிய மலைகளில் தூண்டில் இரைக்காக இவற்றைப் பிடிப்பவர்கள் இன்றும் ‘ஸ்பிரிங் லிசர்ட்’, அதாவது ஊற்றுப் பல்லி, என்றே அழைக்கிறார்கள்.

அந்த அப்பலாச்சிய மலைகளை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உலகில் 800-க்கும் மேற்பட்ட சாலமாண்டர் இனங்கள் உள்ளன. அவை பொதுவாகப் பத்துக் குடும்பங்களாக வகுக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலும் ஆசியாவில் வாழும் ஹைனோபியிடே நீங்கலாக மற்ற ஒன்பதும் வட அமெரிக்காவில் உண்டு. டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் இடையில் கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் மட்டும் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 30 இனங்கள் வாழ்கின்றன. கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

புதியவர் செய்யும் தவறு எப்போதும் ஒன்றே. கையேட்டைத் திறந்து, கையில் உள்ள விலங்கின் நிறத்தோடு ஒத்துப்போகும் படத்தைத் தேடுவார். பறவைகளிடம் ஓரளவு பலிக்கும் இந்த வழி சாலமாண்டர்களிடம் பலிப்பதில்லை. ஒரே இனம் இரண்டு மூன்று நிறங்களில் திரியும். தொடர்பே இல்லாத இரண்டு இனங்கள் ஒரே நிறத்தை அணிந்திருக்கும். ஆகவே முதலில் உடலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அடுத்துக் கண்ட இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். நிறத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

தொடுவதற்கு முன்

தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிச் சாலமாண்டரைக் கையில் எடுப்பதும் ஓடைக் கற்களைப் புரட்டுவதும் சட்டப்படி குற்றம். அங்கே கண்ணும் கேமராவும் போதும். பூங்காவுக்கு வெளியே, உள்ளூர் விதிகள் இடங்கொடுக்கும் இடத்தில் மட்டும், விழுந்து கிடக்கும் கட்டையை உங்கள் பக்கமாக மெல்ல உருட்டிப் பார்க்கலாம். உங்கள் பக்கமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கட்டைக்கு அடியில் நச்சுப்பாம்பு இருந்தால் அதற்கும் உங்களுக்கும் இடையில் அந்தக் கட்டையே அரணாக நிற்கும்.

இந்த மலைகளின் பெரும்பாலான சாலமாண்டர்களுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோலாலும் வாயின் உட்சவ்வாலுமே அவை மூச்சுவிடுகின்றன. கொசுவிரட்டியோ வெயில் களிம்போ பூசிய கையால் அவற்றைத் தொடுவது, மூக்கையும் வாயையும் பொத்துவதற்கு ஒப்பாகும். கையைக் கூடத் தவிர்ப்பதே என் வழக்கம். ஓடை நீர் சிறிது ஊற்றிய ஒளிபுகும் நெகிழிப் பையில் விலங்கைத் தானாக நுழையவிட்டு, பையோடு தூக்கிப் பார்த்தால் முதுகும் வயிறும் பாதமும் ஒருசேரத் தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பல இனங்கள் வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடும். வால் மீண்டும் வளரும் என்றாலும், அதில் சேமித்துவைத்திருந்த கொழுப்பை விலங்கு இழந்துவிடுகிறது.

ஓரிடத்தில் பயன்படுத்திய பையையும் காலணியையும் கழுவிக் காயவைக்காமல் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகாதீர்கள். நெதர்லாந்தின் தீச் சாலமாண்டர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற தோல் பூஞ்சை ஒன்று 2013-இல் விவரிக்கப்பட்டது. அது வட அமெரிக்காவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்றே 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்கு அமெரிக்கா தடை விதித்தது.

சாலமாண்டர்தானா, முதிர்ந்ததா?

முதல் கேள்விக்கு விடை எளிது. அரணைக்கும் பல்லிக்கும் செதிலும், விரல் நுனியில் நகமும் உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் காதுத் துளையும் தெரியும். அப்பலாச்சியச் சாலமாண்டர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஈரமான வெற்றுத் தோல், மழுங்கிய விரல்கள், காதுத் துளையற்ற தலை ஆகிய மூன்றையும் கண்டால் ஐயம் வேண்டாம்.

அடுத்து, கழுத்தின் இருபுறமும் இறகுபோலச் செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது பெரும்பாலும் இளவுயிரி. குளத்தில் வளரும் இளவுயிரிக்குச் செவுள்கள் அடர்ந்து புதர்போல இருக்கும். முதுகுத் துடுப்பு தோள்வரை ஏறியிருக்கும். விரைந்தோடும் ஓடையில் வளர்வதற்குச் செவுள்கள் குட்டை. துடுப்பு வாலோடு நின்றுவிடும். நீரோட்டத்தில் பெரிய துடுப்பு இழுபடும் என்பதே இதன் காரணம். இளவுயிரிகளை இனம்வரை பிரிப்பது தனிக் கலை. தொடக்கத்தில் குளத்து வகை, ஓடை வகை என்று எழுதி நிறுத்திக்கொள்வது நல்லது.

செவுள் உள்ளவை எல்லாம் இளவுயிரிகளும் அல்ல. மெக்சிகோவின் ஆக்சலாட்டில் செவுளோடேயே இனம்பெருக்கும் விலங்கு. பாரிசில் விலங்கியலாளர் அகஸ்ட் துமேரில் என்பவர் வளர்த்த ஆக்சலாட்டில் குஞ்சுகளில் சில 1865-இல் செவுளை இழந்து தரைவாழ் சாலமாண்டர்களாக மாறியபோதுதான் இந்தக் குழப்பம் பெருமளவு தெளிந்தது. அப்பலாச்சியத்தில் இந்த வேலையைச் செய்வது மட்பப்பி. கையளவு நீளத்தில், சிவந்த செவுளோடு ஒரு விலங்கு ஆற்றில் அகப்பட்டால் பின்காலின் விரல்களை எண்ணுங்கள். நான்கு என்றால் அது ஆயுள் முழுவதும் செவுளோடு வாழும் மட்பப்பி. ஐந்து என்றால், பல ஆண்டுகளை நீரில் கழிக்கும் ஊற்றுச் சாலமாண்டரின் இளவுயிரியாக இருக்கக்கூடும்.

குடும்பத்தைக் கண்டறிதல்

ஸ்மோக்கி மலைகளின் ஐந்து குடும்பங்களில் மட்பப்பியின் குடும்பம் மேலே வந்துவிட்டது. இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்த ஹெல்பெண்டரை எவரும் வேறொன்றாக எண்ண முடியாது. தட்டையாக நசுக்கிய தலை, விலாவில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல், முகத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய அளவு சிறிய கண்கள். 70 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். வழுவழுப்பான சளி சுரப்பதால் அதற்கு ‘ஸ்நாட் ஆட்டர்’, அதாவது சளி நீர்நாய், என்ற செல்லப்பெயரும் உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் வாழும் பெருஞ்சாலமாண்டர்கள் இதன் நெருங்கிய உறவினர்கள். அந்தப் பெருஞ்சாலமாண்டர் ஒன்றின் புதைபடிவத்தைத்தான் சுவிட்சர்லாந்தின் யோகான் யாக்கோப் ஷாய்க்சர் 1726-இல், ஊழி வெள்ளத்தில் மூழ்கி இறந்த மனிதனின் எலும்புக்கூடு என்று அறிவித்தார். அது சாலமாண்டர் என்று பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே நிறுவியது 1811-இல். வகைப்பாட்டில் பிழை செய்ய அஞ்சுபவர்கள் இந்த நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளலாம்.

மீதமுள்ள மூன்று குடும்பங்களைப் பிரிப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. இதற்குப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வேண்டும். விலங்கின் முகத்தைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குத் திருப்பி, நாசித் துளையிலிருந்து மேலுதட்டின் விளிம்புவரை பாருங்கள். ஊசியால் கீறியதுபோல ஒரு மெல்லிய பள்ளம் இறங்கினால், அது நுரையீரலற்ற பிளெத்தோடாண்டிடே குடும்பம். உலகச் சாலமாண்டர்களில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விலங்கு நடக்கும்போது மூக்கால் தரையை அடிக்கடி தட்டும். தரையின் ஈரத்தில் உள்ள மணப்பொருள்கள் இந்தப் பள்ளத்தின் வழியே தாமாக ஏறி நாசியை அடையும். சில இனங்களின் ஆண்களில் பள்ளத்தின் நுனி உதட்டுக்குக் கீழே இரு சிறு தொங்கல்களாக நீண்டு, மீசைபோலத் தெரியும். முதல் சில முறை பள்ளம் கண்ணில் படாது. ஈரத்தின் பளபளப்பு அதை மறைத்துவிடும். பையைச் சற்றே சாய்த்து நீரை வடித்தால் தெரியும்.

பள்ளம் இல்லையென்றால் தோலைப் பாருங்கள். சொரசொரப்பான, உலர்ந்ததுபோன்ற தோலும், விலாவில் வரிகள் இல்லாமையும் நியூட் குடும்பத்தின் அடையாளம். வழவழத்த தோலும், பருத்த உடலும், அகன்ற தலையும், விலாவில் தெளிவான வரிகளும் இருந்தால் அது ஆம்பிஸ்டோமா குடும்பம். இவை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழிப்பதால் பெரும்பாலான இனங்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில், மழை பெய்யும் இரவுகளில், முட்டையிடும் குட்டைகளை நோக்கி நடக்கும்போதுதான் எளிதில் கிடைக்கும். மஞ்சள் பொட்டுகள் முதுகில் இரு ஒழுங்கற்ற வரிசைகளாக அமைந்தது புள்ளிச் சாலமாண்டர். கறுப்பு உடலில் வெள்ளிப் பட்டைகள் குறுக்கே ஓடுவது பளிங்குச் சாலமாண்டர். நிறத்தை நம்பிப் பெயர் சொல்லக்கூடிய சில நல்ல விலங்குகளில் இவை இரண்டும் அடங்கும்.

விலா வரிகளை எண்ணுதல்

பிளெத்தோடாண்டிடே என்று முடிவானபின் விலாவுக்கு வாருங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் உடலைச் சுற்றி, வளையல் அடுக்கியதுபோல, செங்குத்தான வரிகள் ஓடும். விலா எலும்புகளுக்கும் தசைகளுக்கும் ஏற்ப அமைவதால் அவற்றின் எண்ணிக்கை இனத்துக்குள் பெரிதாக மாறாது. அக்குளில் இருக்கும் ஒன்றும் தொடையிடுக்கில் இருப்பவையும் பாதி மறைந்திருந்தாலும் அவற்றையும் சேர்த்தே எண்ணுவது வழக்கம். உயிருள்ள விலங்கின்மேல் எண்ணாதீர்கள். அது நெளியும், நீங்கள் ஏழில் தொடங்கிப் பத்தில் தொலைந்துபோவீர்கள். உடல் நேராக இருக்கும் கணத்தில் பக்கவாட்டில் படம் எடுத்து, பிறகு திரையில் பெரிதாக்கி இருமுறை எண்ணுங்கள்.

புள்ளிச் சாலமாண்டருக்குப் பெரும்பாலும் 12 வரிகள். டெஸ்மோக்நாதஸ் பேரினத்துக்கு 14-ஐ ஒட்டி இருக்கும். புழுப்போல ஒடுங்கிய செம்முதுகுச் சாலமாண்டர்களுக்கு 18 அல்லது அதற்கு மேல். இந்தச் செம்முதுகிகளில் ஸ்மோக்கி மலைகளில் இருப்பது தெற்கு இனமான பிளெத்தோடான் செராட்டஸ். அதன் செம்பட்டையின் விளிம்பு ரம்பப் பல்போல இருக்கும் என்பதைப் பெயரே சொல்கிறது. வடக்கே, நியூயார்க் பக்கம் எங்கும் காணப்படுவது பிளெத்தோடான் சினரியஸ். அதன் பட்டை பொதுவாக நேர்விளிம்பு கொண்டது. அந்தச் சினரியஸில் பட்டையே இல்லாத, முழுதும் ஈயச் சாம்பல் நிறமான வடிவமும் உண்டு. ஒரே கட்டைக்கு அடியில் இரண்டையும் சேர்த்துக் காணலாம். நிறத்தை வைத்துத் தொடங்கியவர் இவ்விடத்தில் இரண்டு இனங்கள் என்று எழுதிவிடுவார். வரிகளை எண்ணியவரும், வயிற்றில் உப்பும் மிளகும் தூவியதுபோன்ற புள்ளிகளைக் கண்டவரும் ஒன்றென்று எழுதுவார்.

வரிகளோடு பின்பாதத்தையும் வாலடியையும் பார்த்துவிட வேண்டும். பின்பாதத்தில் நான்கே விரல்களும், வால் தொடங்கும் இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டியதுபோன்ற ஒடுக்கமும், பீங்கான்போல வெண்மையான வயிற்றில் மைத்துளிகளும் இருந்தால், அது நான்விரல் சாலமாண்டர். இங்கே குழப்பத்துக்கு இடமே இல்லை.

இரண்டு செங்கன்னங்கள்

ஸ்மோக்கி மலைகளின் உயரமான காடுகளில், கருஞ்சாம்பல் உடலும் செக்கச்செவேலென்ற கன்னங்களும் கொண்ட சாலமாண்டர் ஒன்று வாழ்கிறது. பிளெத்தோடான் ஜோர்டானி எனப்படும் அது, உலகில் இந்த மலைத்தொகுதிக்கு மட்டுமே உரியது. அதன் தோல் கசப்பான பசையைச் சுரப்பதால் பறவைகள் அதை விரும்புவதில்லை. அதே காட்டில் அதே கன்னங்களோடு இன்னொன்றும் திரிகிறது. அதைத் தின்றால் ஒரு தீங்கும் இல்லை. முன்னதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. 1927-இல் அதற்கு இட்ட பெயரே டெஸ்மோக்நாதஸ் இமிடேட்டர், அதாவது போலி செய்வது.

பறவையை ஏமாற்றும் இந்த வேடம் லென்ஸ் வைத்திருப்பவரை ஏமாற்றாது. டெஸ்மோக்நாதஸ் பேரினத்துக்குக் கண்ணின் பின்மூலையிலிருந்து தாடையின் கோணம்வரை சாய்வாக ஒரு வெளிர்க்கோடு இறங்கும். பின்கால்கள் முன்கால்களைவிடத் தெளிவாகப் பருத்திருக்கும். பிளெத்தோடானுக்கு அந்தக் கோடு இல்லை. நான்கு கால்களும் ஏறத்தாழ ஒரே பருமன். போலியின் கன்னத்தில் கோடு நிறத்தோடு கலந்து மங்கிவிடுவதுண்டு என்பதால் நான் முதலில் காலைத்தான் பார்க்கிறேன். இன்னொரு குறிப்பும் உண்டு: டெஸ்மோக்நாதஸ் வாயைத் திறக்கும்போது கீழ்த்தாடை பெரும்பாலும் அசைவதில்லை, தலைதான் மேலே எழும்பும், தலைக்குப் பின்னால் தசை புடைத்திருப்பது அதனால்தான். கல்லிடுக்கில் தலையை ஆப்புபோலச் செருகி நுழைவதற்கு இந்த அமைப்பு உதவுகிறது.

சிவப்பு நிறமே இன்னொரு இடத்திலும் ஏமாற்றும். கிழக்கு நியூட்டின் தரைப்பருவம் செம்மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும். நீரில் இளவுயிரியாகப் பிறந்து, சில ஆண்டுகள் காட்டுத் தரையில் இந்தச் சிவப்பு வடிவில் அலைந்து, பிறகு பசுமஞ்சள் நிறத்தோடு மீண்டும் நீருக்குத் திரும்பும் விலங்கு அது. தோலில் டெட்ரோடோடாக்சின் என்னும் கடும் நஞ்சு இருப்பதால் பட்டப்பகலிலும் அஞ்சாமல் நடக்கும். தொட்ட கையைக் கண்ணிலோ வாயிலோ வைக்கக் கூடாது. செஞ்சாலமாண்டர் என்னும் சூடோட்ரைட்டான் ரூபர் ஏறத்தாழ அதே நிறத்தில் அதே காட்டில் இருக்கிறது. நியூட்டின் தோல் சொரசொரப்பாக, வரிகளின்றி, கருவளையத்துக்குள் அடங்கிய செம்புள்ளிகளோடு இருக்கும். செஞ்சாலமாண்டர் பளபளத்து, விலாவில் 16-ஐ ஒட்டிய வரிகளும் வளையமற்ற கரும்புள்ளிகளும் மஞ்சள் கருவிழியும் கொண்டிருக்கும்.

பெயரிடாமல் நிறுத்த வேண்டிய இடம்

டெஸ்மோக்நாதஸ் என்று தெரிந்துவிட்டால் இனத்தையும் சொல்லிவிடலாம் என்று எண்ண வேண்டாம். வாலின் குறுக்குவெட்டு ஓரளவு துணைசெய்யும்: ஓடைக்குள் வாழ்பவற்றின் வால் பக்கவாட்டில் தட்டையாகி மேல்விளிம்பு கத்திபோல இருக்கும், தரைக்கு ஏறிய இனங்களின் வால் உருண்டையாக இருக்கும். ஆனால் வயது முதிர முதிர முதுகின் கோலங்கள் அழிந்து எல்லாமே கரும்பழுப்பாகிவிடுகின்றன. கருவயிற்றுச் சாலமாண்டர் என்று நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டது, மரபணு ஆய்வுகளை ஒட்டி 2022-இல் பல இனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றுக்கு அந்த மண்ணின் செரோக்கி மொழியில் ‘கருவயிறு’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்கள். இத்தகைய இனங்களைப் பிரிக்கும்போது, கண்ட ஓடை எந்த ஆற்றுப்படுகையைச் சேர்ந்தது என்பது தோலின் புள்ளியைவிடப் பயனுள்ள சான்று.

வடக்கே பெரிய ஏரிகளை ஒட்டிய பகுதியில் நிலைமை இன்னும் கடினம். அங்கே ஆம்பிஸ்டோமாக்களில் பெண்களே நிறைந்த ஒரு மரபு உண்டு. அது அக்கம்பக்கத்து இனங்களின் ஆண்களிடமிருந்து விந்தைப் பெற்று, சில வேளை அந்த மரபணுத் தொகுதியையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. எத்தனை கூர்மையான கண்ணாலும் அதைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. ‘ஆம்பிஸ்டோமா, பெண்மரபுக் கலப்பாக இருக்கலாம்’ என்று எழுதுவதே சரியான இனங்காணல்.

இதே கேள்விகளை நம் நாட்டு விலங்கிடமும் கேட்டுப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் சாலமாண்டர் கிடையாது; அங்கிருந்து படம் வந்தால் அது அரணையோ பல்லியோதான். இந்தியாவில் இவை இருப்பது கிழக்கு இமயத்திலும் வடகிழக்கிலும் மட்டுமே. டார்ஜிலிங் பக்கம் ஜோர்போக்ரி குளத்தில் வாழ்வதைப் பாருங்கள்: நாசிப் பள்ளம் இல்லை, தோல் சொரசொரப்பு, முதுகின் இருபுறமும் விலா நுனிகளுக்கு நேராக வரிசையாகப் புடைத்த கரணைகள். நியூட் குடும்பம் என்பது இந்த மூன்று குறிப்புகளிலேயே முடிவாகிவிடுகிறது. யுன்னானிலிருந்து 1871-இல் விவரிக்கப்பட்ட டைலோட்ரைட்டான் வெருகோசஸ் என்றே நெடுநாள் எழுதப்பட்ட இந்த விலங்கு, 2015-இல் டைலோட்ரைட்டான் ஹிமாலயானஸ் என்று தனி இனமாயிற்று.

குறிப்பேட்டில் எழுதும்போது மொத்த நீளத்தை நம்பாதீர்கள். வால் அறுந்து வளர்ந்திருக்கலாம். வளர்ந்த வால் நிறம் வெளுத்து, அமைப்பில் மாறியிருக்கும். மூக்கு நுனியிலிருந்து எச்சவாய்வரை உள்ள நீளமே ஒப்பிடத்தக்க அளவு. அதனோடு தேதி, உயரம், ஓடையிலிருந்து எத்தனை அடி, கட்டைக்கு அடியிலா கல்லுக்கு அடியிலா, முந்தைய இரவு மழை பெய்ததா என்பவற்றையும் எழுதி, முதுகு, பக்கவாட்டு முகம், வயிறு, பின்பாதம் என நான்கு படங்களையும் சேர்த்துவையுங்கள். பேரினத்தோடு நிறுத்திய குறிப்பையும் அழிக்க வேண்டாம். பிரிவுகள் மாறும்போது அந்தப் படங்களைக் கொண்டே அதற்குப் பெயர் கிடைக்கக்கூடும்.

விலங்கைத் திருப்பி விடுகையில் முதலில் கட்டையை அது கிடந்த பள்ளத்திலேயே பொருத்திவைத்து, பிறகு அதன் ஓரத்தில் பையின் வாயைத் திறந்து பிடியுங்கள். கட்டையின் எடை தன்மேல் இறங்கும் ஆபத்து இல்லாமல், சாலமாண்டர் தானாக இடுக்குக்குள் நுழைந்துகொள்ளும்.